குதிகாலைக் கவ்வும் நாய்

எங்கள் வீட்டு நாய்க்கு இரண்டு ஊர். தகப்பன், கோட்டையில் இருந்த ஒல்லாந்தர்களின் கறிக்காகக் கப்பலில் ஆடுகள் வந்திறங்கியபோது கூட வந்த மேய்ப்பு நாய். தாய், எங்கள் குப்பத்தில் மீன்குடல் தின்று திரிந்த பெட்டை. ஈன்ற ஆறு குட்டிகளில் நான்கை நரி கொண்டுபோயிற்று. ஒன்றைத் தாயே தின்றது. மிச்சமிருந்ததை மருமகள் முந்தானையில் சுற்றி எடுத்துவந்தாள். வேண்டாம் என்றேன். நான் வேண்டாம் என்ற எதுவும் அந்த வீட்டில் நடக்காமல் போனதில்லை.

மேய்க்க ஆடு இல்லாததால் அது எங்களை எடுத்துக்கொண்டது. வாத்து, கோழி, விருந்தாளி, எதுவானாலும் ஒன்றாக நிற்க வேண்டும். கூட்டத்தை விட்டு யார் விலகினாலும் பின்னால் ஓடிக் குதிகாலைக் கவ்வும். முன்னால் வந்து கடித்ததில்லை. சேர்ந்து நிற்பவரைத் தொட்டதும் இல்லை. கோட்டையில் துணிப்பொதிகளை எண்ணிக் கணக்கு எழுதியவன் நான். கண்ணில் பட்டதை எண்ணாமல் இருக்க முடியாது. அதன் கடிகளையும் எண்ணிவந்தேன், ஒருநாள் இது நம்மைச் சந்தியில் நிறுத்தும் என்ற பயத்தோடு.

மருமகளுக்கு அந்தப் பயம் இல்லை. அவளுடைய முதல் பிள்ளை ஏரியில் முழங்காலளவுத் தண்ணீரில் குப்புறக் கிடந்து செத்தது. இரண்டாவதாகப் பிறந்த பெண் நடக்கத் தொடங்கியதிலிருந்து, வலை காயப்போடும் இடத்தைத் தாண்டி ஏரிப்பக்கம் போக நாய் அவளை விட்டதில்லை. ஒரு தடவை பிஞ்சுக் குதிகாலில் ரத்தம் வந்தது. மருமகள் அதில் மஞ்சளை அப்பிவிட்டு, நாய்க்குச் சோறு போட்டாள்.

ஏரியில் மீன் நன்றாக விழும் இடங்களில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்று குப்பங்கள் சீட்டுப் போட்டு முடிவு செய்யும். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். அன்று எங்கள் வீட்டுப் பாடு. விடிந்ததும் மகன் போய்ப் பார்த்தால், அக்கரைக்காரர்கள் அங்கே வலை கட்டியிருந்தார்கள். கத்தியை எடுத்து வலையை அறுத்துவிட்டான். உலையில் அரிசி போட்டிருந்தால் வெந்திருக்காது. அதற்குள் எங்கள் கரைக்கு எதிரே, முழங்கால் தண்ணீரில், இருபக்கமும் ஆள் சேர்ந்துவிட்டது.

“இன்னாடா, இது உங்கப்பன் வெட்ன ஏரியா?” என்றான் அக்கரைக்காரன் ஒருவன்.

“உங்காத்தாவ கேளு, ஆரு வெட்னான்னு சொல்லுவா!” என்றான் என் மகன்.

துடுப்புகள் எழுந்தன. ஒருவன் தாடை பக்கவாட்டில் திரும்பியதைக் கண்ணால் பார்த்தேன். இன்னொருவன் கழி பாய்ந்த கண்ணைப் பொத்திக்கொண்டு ஊளையிட்டான். தண்ணீர் செங்கல் கரைத்ததுபோல ஆயிற்று. இரண்டு பக்கமும் ஆட்கள் கலையத் தொடங்கினார்கள். அதோடு முடிந்திருக்கும். கலைவதைப் பார்த்து வீட்டிலிருந்து நாய் பாய்ந்து வந்தது.

அதற்கு எங்கள் ஆள், அக்கரை ஆள் தெரியாது. மந்தை சிதறுகிறது, அவ்வளவுதான். வட்டமாக ஓடி, விலகியவன் ஒவ்வொருவன் குதிகாலையும் கவ்வி உள்ளே தள்ளியது. கை முறிந்து கரையேற வந்தவன் அலறிக்கொண்டு திரும்பவும் துடுப்புகளுக்கு நடுவே போனான். மண்டை பிளந்த என் மகன் கரையை நோக்கித் திரும்பினான், நாய் விடவில்லை, அவன் உள்ளே போனபோது அதே பிளவில் இரண்டாவது அடி விழுந்தது. “கூப்பிடும்மா, நாய கூப்பிடு!” என்று நான் கத்தினேன். மருமகள் தொண்டை கிழியக் கூப்பிட்டாள். அது கேட்கவில்லை. கடைசியில் இரண்டு குப்பத்தாரும் ஒருவரையொருவர் விட்டுவிட்டு நாயை அடிக்கத் திரும்பினார்கள். அது தப்பி வீட்டுக்கு ஓடிய பிறகுதான் சண்டை நின்றது.

மறுநாள், தலையில் கட்டுகளோடு இரண்டு ஊரும் அம்மன் கோயில் முன்னால் உட்கார்ந்தது. நாங்கள் இழந்த பாட்டுக்குப் பதிலாக வேறு நாள் தருவதாக அக்கரை ஊர்த்தலைவரான பெரியதனக்காரர் ஒப்புக்கொண்டார். பிறகு நாய் விஷயம் வந்தது. அதில் இரண்டு பெரியதனக்காரர்களுக்கும் ஒரே பேச்சு.

“நாய அடிச்சுக் கொன்னுடணும். இல்லன்னா அந்த வூட்டுக்கு இந்த வருசம் பாடு கெடையாது.”

கடிகளை எண்ணச் சொல்லி என்னை எழுப்பினார்கள். நீட்டிய கால்களைக் குனிந்து குனிந்து பார்த்தேன். எங்கள் பக்கம் பதினொன்று, என் மகனையும் சேர்த்து. அவர்கள் பக்கம் பதின்மூன்று.

பெண்கள் பக்கத்திலிருந்து மருமகள் கேட்டாள்: “எங்க கடிச்சிருக்கு மாமா?”

“எல்லாம் குதிகாலும்மா.”

“முன்னால ஒண்ணுகூட இல்லியா?”

“இல்ல.”

“அப்போ இருவத்திநாலு பேரும் முதுகக் காட்டிக்கினு எங்க போனீங்க? நின்னு அடிச்சவன அது தொடல. கொல்றதுன்னா கொல்லுங்க. எதுக்குக் கொன்னோம்னு ரெண்டு ஊருக்கும் சொல்லிட்டுக் கொல்லுங்க.”

அக்கரைக் கிழவி ஒருத்தி, “எங்கடா, உங்காலக் காட்டு பாப்போம்!” என்று தன் மகனைப் பார்த்துக் கத்தினாள். பெண்கள் சிரித்த சிரிப்பில் கோயில் புறாக்கள் பறந்தன. கால்கள் வேட்டிக்குள் போயின.

“எனக்கு நாய் கடிக்கலபா. கிளிஞ்சல் கிழிச்சுது,” என்றான் ஒருவன்.

“எனக்குங்கூட கிளிஞ்சல்தான்.”

கடி வாங்கியவன் கை தூக்கு என்றார் எங்கள் பெரியதனக்காரர். ஒரு கையும் எழவில்லை. வழக்கு அங்கேயே விழுந்தது.

என் மகன் மட்டும் பெண்கள் சிரித்த சிரிப்பை வீடுவரை சுமந்துகொண்டு வந்தான். நேராகத் துடுப்பை எடுத்தான்.

“எம் மானத்த வாங்கினது நாயா, நீயா?” என்று பெண்டாட்டியைக் கேட்டான்.

அவள் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். “நாய வுட்டுடு. இவள ஆரு பாத்துக்குவா?”

அவன் நாயைச் சுவரோரம் ஒடுக்கினான். முதல் அடி பின்காலில். எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டாவது அடியில் காது கிழிந்தது. மூன்றாவதுக்குத் துடுப்பு உயர்ந்தபோது, அவன் பின்னால் சுற்றிப் போக நாய்க்கு இடமில்லை. நேருக்கு நேர் எழும்பி முன்கையில் பல்லை இறக்கியது. இருவரும் விழுந்து மணலில் புரண்டார்கள். துடுப்பு எங்கோ போயிற்று. அவன் அதன் கழுத்தை நெரித்தான், அது விடவில்லை, பிறகு இரண்டுக்கும் மூச்சு முட்டிப் பிடி நழுவியது.

இனி கத்தியை எடுப்பான் என்று நினைத்தேன். அவன் உட்கார்ந்தபடி ரத்தம் சொட்டும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“நைனா, இது முன்னாலதான கடிச்சிருக்கு?”

“முன்னாலதான்டா.”

மருமகள் கொண்டுவந்த மஞ்சள் அப்பிய துணியைத் தள்ளிவிட்டான். கையைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு, ஆண்கள் வலை பழுதுபார்க்கும் கரைக்குப் போனான். “முன்னால கடிச்சிருக்கு, பாருங்கடா!” என்று அவன் சொன்ன குரல் வீடுவரை கேட்டது. மருமகள் மூங்கில் பத்தை வைத்து நாயின் காலைக் கட்டினாள்.

சாயங்காலம், குதிகாலில் கட்டுப் போட்ட இரண்டு பேர் நொண்டிக்கொண்டு எங்கள் முற்றத்துக்கு வந்தார்கள். நாயின் முன்னால் குந்தி, முன்கையை அதன் வாய்க்கு நேரே நீட்டினார்கள். அது மோந்துவிட்டுப் படுத்திருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்தார்கள்.

“திரும்பாதீங்க அண்ணே,” என்றாள் மருமகள். “முதுகக் காட்டாம பின்பக்கமாவே நடந்து போங்க.”

இரண்டு பேரும் அப்படியே போனார்கள்.