பிள்ளைக்கு முதல் தண்ணீர்

அந்தமானில், ரங்கத்தில் எங்களுக்குக் குழந்தை பிறந்தபோது உதவிக்கு உறவென்று ஒருவருமில்லை. "எங்கம்மா வந்துதான் பிள்ளைக்கு முதல் தண்ணி ஊத்தணும்" என்றாள் மனைவி. அது அவர்கள் வீட்டு வழக்கம். ஈரத்துணியால் துடைத்தபடி காத்திருந்தோம். புழுக்கத்தில் பிள்ளையின் கழுத்து மடிப்பெல்லாம் வெந்து சிவந்துவிட்டது. அழுதழுது அதற்குத் தொண்டையும் கட்டிவிட்டது.

மெயின்லேண்டு கப்பலில் வந்த ஊர்க்காரர், அத்தை கொடுத்தனுப்பிய வசம்பை மட்டும் கொண்டுவந்து கொடுத்தார். "உங்க அத்தைக்கு உடம்பு முடியல, தம்பி. இனிமே கப்பலேற முடியாதுன்னுட்டாங்க." மனைவி அந்த வசம்பைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

பிள்ளை கதறுவதைக் கேட்டுப் பக்கத்து வீட்டு வங்காளி அக்கா வந்தார். "பைட்டோ" என்று என்னைக் காலை நீட்டி உட்காரச் சொன்னார். ஆம்பிளை செய்கிற வேலையா என்று தயங்கினேன். நான் காட்டில் மரம் வெட்டும் கூப்பில் யானைப்பாகன்.

"ஹாத்தி கோ நஹலாத்தா ஹை, அப்னா பச்சா நஹீ?" யானையைக் குளிப்பாட்டுகிறவனுக்குச் சொந்தப் பிள்ளையைக் குளிப்பாட்ட வராதா என்று கேலி செய்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கால்களின் மேல் பிள்ளையைக் கிடத்தினேன். அவர் வெந்நீர் ஊற்ற, நான் தேய்த்தேன். அழுகை அடங்கிப் பிள்ளை தூங்கிப்போனது.

மனைவி மட்டும் சுவர்ப்பக்கமிருந்து திரும்பவேயில்லை. பிள்ளையை அமர்த்த அக்கா கற்றுக்கொடுத்துவிட்டார். அம்மாவுக்கு ஏங்கிக் கிடப்பவளை எப்படி அமர்த்துவது என்று கேட்க எனக்கு இந்தியும் போதவில்லை, தமிழும் போதவில்லை.