வெறுமையாக வந்த தூக்குச்சட்டி

எங்கள் ஊர்ப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் முடித்த ஆண் மனைவி வீட்டுக்கு வந்து குடியிருப்பான். அதனால் பிரிய நேர்ந்தால் பெட்டியைத் தூக்குவதும் அவன்தான். என் கணவரும் அப்படித்தான் கல்முனையிலிருந்து நிந்தவூரில் உள்ள தன் மூத்த சகோதரியான ராத்தா வீட்டுக்குப் போனார். சண்டை ஒன்றும் இல்லை. அவர் இரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது, என்னுடையதில் இல்லை. எப்படி வந்தது என்று கேட்டேன், சொன்னார். அது எங்களுக்குள் முடிந்த கதை. "உனக்கு ஒண்டு ஆகிட்டா என்னால தாங்க ஏலா" என்றவர், போய்விட்டார்.

கிளினிக்குக்கு மட்டும் சேர்ந்து போவோம். டொக்டர் பாண்டிருப்புப் பெண், பொறுமைசாலி. ஒருநாள் மாத்திரையைக் காட்டி விளக்கினார்.

"விழுங்குற நேரம் இது மருந்து இல்ல. மருந்த அப்படியே குடுத்தா குடல் உள்ள எடுக்காது. அதுக்கு மேல ஒரு சட்டை போட்டு அனுப்புறம். உள்ள போனாப் பிறகு உடம்புதான் அதக் கழட்டி மருந்தாக்கும். சாப்பிட்டுட்டுப் போடுங்க, நல்லா ஏறும்."

இன்னும் நல்ல சட்டை தேடி ஆராய்ச்சி நடக்கிறதாம். பிறகு சோதனை முடிவைப் பார்த்துவிட்டு, "கிருமி தெரியாத அளவுக்குக் குறைஞ்சே இருக்கு. விடாமப் போட்டு வந்தா இவவுக்குத் தொத்தாது" என்றார்.

"ஓம் டொக்டர்" என்றார் இவர். பஸ்ஸில் என்னை யன்னலோரம் இருத்திவிட்டு, தான் பின்சீட்டுக்குப் போனார். மருந்தை உடம்பு ஏற்றுக்கொண்டது, மனிதர்தான் ஏற்கவில்லை. கைக்கெட்டியது வாய்க்கெட்டாமல் நான் இருந்தேன்.

நோன்பு வந்தது. நோன்பு திறந்து கஞ்சி குடித்த பிறகுதான் மாத்திரை போடுவார். அந்தக் கஞ்சி என் கையால் ஆக்கியதாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். என் மதினியான அந்த ராத்தாவுக்குக் கல்முனைச் சந்தையில் புடவைக்கடை வேலை. பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு வீடு திரும்பும்போது தூக்குச்சட்டியைக் கொண்டுபோவார்.

வந்த சட்டியை வெறுமையாகத் திருப்புவது எங்கள் வழக்கமில்லை. ஒரு பேரீச்சம்பழமாவது போட்டு அனுப்புவார்கள். என் சட்டியோ வெந்நீரில் கழுவி, பளபளவென்று வெறுமையாக வந்தது.

"அவன்தான் கழுவுறான் புள்ள, என்னத் தொட உடுறான் இல்ல" என்றார் மதினி. "தன்ட கைபட்ட சாமான் உனக்கு வேணாமாம்."

நோன்பு வாயால் திட்டக் கூடாது. மனதுக்குள் திட்டினேன்.

முன்பெல்லாம் வீட்டில் எவ்வளவு பேரீச்சம்பழம் இருந்தாலும் நோன்பு திறக்க எங்களுக்கு முதல் பழம் ஒன்றுதான். பாதியை அவர் கடித்துவிட்டு மிச்சத்தை என்னிடம் நீட்டுவார். வேறு எதையும்விட அந்த மிச்சத்துக்குத்தான் நான் ஏங்கினேன்.

ஒரு மாலை நோன்பு திறக்கும்போது, கறுத்த பழம் ஒன்றைப் பாதி கடித்து மிச்சத்தை எடுத்து வைத்தேன். மறுநாள் அதைச் சுற்றி, தூக்குச்சட்டியோடு கொடுத்துவிட்டேன். மதினி பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் சட்டி திரும்பி வந்தது. திறந்தால் உள்ளே பாதிப் பழம். என்னுடையதைத்தான் திருப்பிவிட்டார் என்று நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன், இது மண்ணிறப் பழம்.

"நேத்து பாங்கு சொன்னதும் உன்ட பாதியத்தான் முதல்ல திண்டான்" என்றார் மதினி.

அவருடைய பெட்டி இன்னும் நிந்தவூரில்தான் இருக்கிறது. அன்று மாலை மஃரிப் பாங்கு சொன்னதும், பிஸ்மி சொல்லி அந்தப் பாதியை வாயில் வைத்தேன்.