பாதிரி மிச்சம் வைத்த தட்டு

மெர்ல் டகன், ஆஸ்திரேலியாவின் சார்ல்வில் ஊரில் ரயில் பாதை பழுது பார்த்த டகனின் மூன்றாவது பிள்ளை. மூத்தவள் ஐவி கல்யாணம் கட்டிக்கொண்டு கடலோரம் போய்விட்டாள். அடுத்தவன் லெஸ் லாரி ஓட்டியே முதுகைத் தொலைத்தவன். மெர்லுக்குப் பின் பிறந்த இரட்டையரில் ஒன்றுதான் தங்கியது, அதுவும் எங்கோ தெற்கே. மெர்ல் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஆனாலும் அந்தச் சுற்று வட்டாரத்தில் அவள் கையால் சாப்பிடாத ஆண்பிள்ளை குறைவு. ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கோஷ்டிகளுக்கு முப்பத்தோரு வருஷம் சமைத்துப் போட்டவள் அவள்.

அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. சமையலுக்கு யார் என்பதைப் பண்ணை முதலாளி முடிவு செய்ய முடியாது. கத்தரிக்கிறவர்கள் கூடி உட்கார்ந்து கைதூக்கித் தேர்ந்தெடுப்பார்கள். சாப்பாடு பிடிக்காவிட்டால் அதே கையைத் தூக்கி அனுப்பியும் விடுவார்கள். அதனால் திரும்பி வருகிற தட்டைத்தான் மெர்ல் முதலில் பார்ப்பாள். தட்டில் மிச்சம் கிடந்தால் அது தனக்கு எதிராக விழுந்த ஓட்டு. விடிந்ததும் வறுத்த ஆட்டுக்கறி, பத்து மணிக்குக் கேக், மத்தியானம் சாப்பாடு, மூன்று மணிக்கு மறுபடி கேக், பொழுது சாய்ந்ததும் மறுபடி கறி. ஐந்து வேளையும் தட்டுகள் துடைத்துவிட்டது போலத் திரும்பி வரும். ஆடு கத்தரிக்கும் ஒரு கொட்டகையிலிருந்தும் அவளை யாரும் வெளியே அனுப்பியதில்லை.

வேலையை விட்டு வீட்டோடு இருந்த காலத்தில்தான் ஐவியின் மகன் கார்த் ஒரு தாடி ஓணானைக் கொண்டுவந்து விட்டான். அவனுக்குச் சுரங்கத்தில் வேலை கிடைத்திருந்தது. அங்கே பிராணிகளை வைத்துக்கொள்ள இடமில்லை. கோபம் வந்தால் தாடையின் கீழ் தாடி கறுத்துப் புடைப்பதால் அதற்குப் பாதிரி என்று பெயர். வளர்ப்பதற்கான லைசென்சோடு, தீனிக்கு ஒரு காகிதமும் எழுதிக் கொடுத்திருந்தான்: கீரை நிறைய, பூச்சி கொஞ்சம்.

"கீரையைத் தின்னு எந்த ஆம்பளை உருப்பட்டான்?" என்று மெர்ல் காகிதத்தைக் குப்பையில் போட்டாள்.

பாதிரி சமையலறை ஜன்னலோரம் வெயிலில் கிடப்பான். கொஞ்ச நேரத்தில் வாயை அகலத் திறப்பான். திறந்த வாயைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மெர்லால் ஆகாது. ஒரு துண்டு கறியோ, நாலு மாவுப்புழுவோ போடுவாள். சில சமயம் அவன் முன்னங்காலைத் தூக்கி மெல்லச் சுழற்றுவான். கொட்டகைச் சாப்பாட்டு மேஜையில் கைதூக்கினால் இன்னும் வேண்டும் என்று பொருள். மெர்லுக்கு நெஞ்சு குளிர்ந்து போகும்.

பத்து மாதத்தில் பாதிரியின் வயிறு தரையில் இழுபட்டது. கண்ணுக்குப் பின்னால் கொழுப்பு கட்டியாகப் புடைத்தது. பிறகு கால் விரல்கள் நடுங்க ஆரம்பித்தன. அப்போதுதான் அவள் பயந்துபோய் மிருக வைத்தியர் ஆன்தியாவிடம் எடுத்துப் போனாள்.

"என்ன போடுறீங்க, மெர்ல்?"

"குறையே வைக்கிறதில்லம்மா. காலைல கறி, பத்து மணிக்குப் புழு, மத்தியானம் முட்டை, மூணு மணிக்குப் புழு, அப்புறம் நான் சாப்பிடுறதுல ஒரு துண்டு."

"அஞ்சு வேளையா! இது ஓணானா, ஆடு கத்தரிக்க வந்த ஆளா?"

"வாயத் தொறந்துக்கிட்டே இருக்கானே. நான் என்ன செய்ய?"

"அது பசி இல்ல. உடம்புச் சூட்டை வெளியே விடுறான். நாய் நாக்கைத் தொங்கப் போடுமே, அந்த மாதிரி."

"கையத் தூக்கிக் கேக்கவும் செய்யறானே?"

ஆன்தியா சற்றுத் தயங்கினாள். "அது கேக்குறது இல்ல, மெர்ல். 'நீ பெரிய ஆளு, என்னை ஒண்ணும் பண்ணாதே'ன்னு சொல்றது."

பிறகு என்ன தீனி போட வேண்டும் என்று ஆன்தியா சொன்னாள். மெர்லின் காதில் பாதிதான் ஏறியது என்பதால் மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். தினமும் காலையில் கீரை, துருவிய பூசணி, செம்பருத்திப் பூ. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஐந்தாறு சுவர்க்கோழிப் பூச்சி. அவன் இரு கண்ணுக்கும் இடையே உள்ள அகலத்தைவிடப் பூச்சி பெரிதாக இருக்கக் கூடாது, சுண்ணாம்புச் சத்துப் பொடியில் புரட்டித்தான் போட வேண்டும். கறி கூடவே கூடாது. கண்ணாடி வழியாக வருகிற வெயில் எலும்புக்கு உதவாது, முற்றத்தில் கம்பிக் கூண்டில் விட வேண்டும்.

"ரெண்டு வாரம் அடம்பிடிப்பான். உடம்புல கொழுப்பு இருக்கு, ஒண்ணும் ஆகாது. நீங்க இரங்கினீங்கன்னா இந்தக் கோடையைத் தாண்ட மாட்டான்."

முதல் நாள் கீரைத் தட்டு அப்படியே திரும்பியது. இரண்டாம் நாளும். மூன்றாம் நாள் பாதிரி கீரைமேல் ஏறி நடந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டான். வாடிப்போன கீரையைக் கோழிகளுக்குக் கொட்டும்போதெல்லாம் மெர்லுக்குக் கை கூசியது. முழுத் தட்டைத் திரும்ப எடுப்பது அவள் பழகாத வேலை.

ஆறாம் நாள் தாங்கவில்லை. ஒரு துண்டு கறியைப் பொடிப்பொடியாக நறுக்கி, உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு கூண்டருகே குனிந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு க்ளாரி மொஃபட் நின்றிருந்தான். அவள் சமைத்த கொட்டகைகளில் இருபது வருஷம் ஆடு கத்தரித்தவன்.

"ஏ சமையல்காரி, கையில என்ன?"

"ஒண்ணுமில்ல. போய் உன் வேலையப் பாரு, கிழவா."

"கறி வாசம் எனக்குத் தெரியாதா? டாக்டரம்மா வேண்டாம்னாங்கல்ல?"

"ஆறு நாளா பட்டினி கெடக்கான். ஒரு வாயில்லா ஜீவன் தட்டத் தொடலன்னா எனக்கு என்னமோ பண்ணுது. உங்கள்ல ஒருத்தன் என் தட்டுல மிச்சம் வச்சதுண்டா?"

க்ளாரி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "சொன்னா அடிக்க வருவ."

"சொல்லித் தொலை."

"மேஜைக்கு அடியில எத்தனை நாய் படுத்திருக்கும்னு நீ ஒரு நாளாவது குனிஞ்சு பாத்தியா? ரெண்டாம் தடவ நீ போடுறது முக்காவாசி அதுங்களுக்குத்தான். மிச்சம் வச்சா உன் முகம் செத்துப்போகும். பயந்துக்கிட்டே தட்டத் தொடச்சுக் குடுப்போம்."

"பயமா? என்கிட்டயா?"

"பின்ன? சட்டைப் பையில குழம்பு ஊத்திக்கிட்டுப் போன ஆளு நான்."

மெர்ல் சிரிக்கவில்லை. முப்பத்தோரு வருஷத்துத் தட்டுகள் ஒவ்வொன்றாக அவள் கண்முன் வந்து போயின. அவை அத்தனை சுத்தமாக இருந்தது பசியாலா, பயத்தாலா? தான் பார்த்தது வயிறுகளையா, வெறும் தட்டுகளையா? அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கூண்டுக்குள் பாதிரி அவள் நிழலைப் பார்த்து முன்னங்காலைத் தூக்கினான். அவள் அந்தக் காலையே பார்த்தாள். பிறகு இரண்டடி பின்னால் நகர்ந்து, நிழலை அவன்மேலிருந்து எடுத்துக்கொண்டாள். கால் இறங்கியது.

"அப்புறம் எதுக்குடா வருஷா வருஷம் என்னையே தேர்ந்தெடுத்தீங்க?"

"உன் ரொட்டிக்குத்தான். அதுல பொய் இல்ல."

கறியை அவள் வேலிக்கு மேலே க்ளாரியின் நாய்க்கு எறிந்தாள்.

ஒன்பதாம் நாள் காலை, பாதிரி செம்பருத்தி இதழை நாக்கால் தொட்டுப் பார்த்து, இழுத்து மென்றான். பிறகு பூசணித் துருவலில் மூன்று வாய். கீரையில் ஒன்று. அதோடு திரும்பி, கல்மேல் ஏறிப் படுத்துக்கொண்டான். தட்டில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. அதை அவன் மூக்கருகே தள்ளச் சொல்லி மெர்லின் கை பரபரத்தது. அவள் கையை ஏப்ரனுக்குள் விட்டுக்கொண்டாள்.

வேலிப்பக்கம் குரல் வந்தது. "தின்னானா?"

"தின்னான்."

"எவ்வளவு?"

"அவனுக்குப் போதுங்கிற அளவு," என்றாள் மெர்ல். தட்டைக் கையில் எடுத்து மிச்சத்தைப் பார்த்தாள். "நான்தான் நிறைய நறுக்கிட்டேன்."