எலாடியோவின் நாக்கு

கண்ணை மூடி ஓர் இழுப்பு இழுத்து, புகையை மூக்கு வழியாக விட்டு, எலாடியோ பெனேகாஸ் தீர்ப்புச் சொல்கிறார்: "பாயின்ட் ரெண்டு ஓம். தடை ரொம்பக் கம்மி. வெனிலாவுக்குச் சரி, எலுமிச்சைக்கு இது கொலை." லூக்கே நகரச் சந்தைக்கு எதிரே இருக்கும் அவருடைய மின்சிகரெட் கடையில் நாலு பேர் தலையாட்டுகிறார்கள். மூன்று பேருக்கு ஓம் என்றால் என்னவென்றே தெரியாது. நாலாவது ஆள் தெர்லிஸ், எலக்ட்ரீஷியன். தெரிந்தும் அவனும் தலையாட்டுகிறான்.

ஒரு காலத்தில் வெள்ளிக் கம்பியில் காதணி முறுக்கிய எலாடியோவின் விரல்கள், இப்போது மின்சிகரெட்டைச் சூடாக்கும் கம்பிச்சுருளை, காயிலை, சுற்றுகின்றன. கம்பி மெலிந்து சுற்று கூடினால் தடை ஏறும். புகை குளிர்ந்து பழ வாசனை துலங்கும். தடை இறங்கினால் சூடு ஏறும், புகை கொழுக்கும், இனிப்பு தடிக்கும். அசந்தால் திரவம் ஊறிய பஞ்சு கருகி வாயெல்லாம் சாம்பல். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். எலாடியோவுக்கு ஒரு காலைப் பொழுது வேண்டும். காயிலைக் காதருகே வைத்து, "சூடேறிப் பழுக்கும்போது பேசும், கேளு" என்பார். தடையை அளக்கும் மீட்டர் மேஜைமேல்தான் இருக்கிறது. காகிதம் பறக்காமல் இருக்க.

வாசலில் அவர் மனைவி நிமியா, தெரெரே என்ற குளிர்ந்த இலைப் பானத்துக்கு மூலிகை இடித்து விற்கிறாள். புகை என்றாலே அவளுக்கு ஆகாது; ஒரு நாளும் வாயில் வைத்ததில்லை. பத்து மணிக்குக் குளிர்ந்த தெரெரே கடைக்குள் கைமாறும். செவ்வாய்க்கிழமை அவள் மறதியாகப் புதினாவே போடவில்லை. எலாடியோ உறிஞ்சிவிட்டு, "இன்னிக்குப் புதினா தூக்கல்டி" என்றார்.

அவளுக்குச் சந்தேகம். கூடவே கொஞ்சம் குறும்பும். சனிக்கிழமை மாம்பழத் திரவக் குப்பியைக் காலி செய்து, வாசனையே சேர்க்காத வெறும் திரவத்தை நிரப்பி வைத்தாள். மாட்டட்டும், வயிறு வலிக்கச் சிரிக்கலாம்.

எலாடியோ இழுத்தார். "மாம்பழம். நல்லாப் பழுத்தது. கடைசியில ஒரு சொட்டுத் தேன்."

மற்றவர்களும் இழுத்தார்கள். "தேன் இருக்கு மாஸ்டர்."

"எனக்கு ஒண்ணுமே தெரியலையே" என்றான் தெர்லிஸ்.

"ஒயரைக் கடிச்சுக் கடிச்சு உன் நாக்கு செத்துப்போச்சுடா."

தேன் முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்று அவர்களுக்குள் சண்டை மூண்டது. சிரிக்கக் காத்திருந்த நிமியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சந்தை முழுக்க மின்சிகரெட் கடைகள். இந்தக் கடைக்கு ஆள் வருவது இந்த நாக்கை நம்பித்தான். எலாடியோ அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அவள் மேலங்கிப் பையில் துருத்திக்கொண்டிருந்த, வெறும் திரவம் இருந்த காலிக் குப்பியைப் பார்த்தார். கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"எப்போலேருந்து தெரியும்?"

"புதினாலேருந்து. உனக்கு?"

"ஆகஸ்ட்ல வந்த காய்ச்சல்லேருந்து. உப்புகூடத் தெரியல."

"என்கிட்டச் சொல்றதுக்கு என்னய்யா?"

"சொன்னா நிஜமாயிடுமேன்னுதான்."

அதற்குள் தெர்லிஸ் தன் மின்சிகரெட்டை நீட்டினான். "மாஸ்டர், புதுக் காயில் போட்டேன். தடை கூடவா, குறையவா? ருசி பாத்துச் சொல்லுங்க."

எலாடியோ அதை வாங்கினார். சண்டை நின்று, எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள். அவர் சட்டை நுனியால் வாய்முனையை ஒருதரம் துடைத்தார். போதாது என்று தோன்றியதோ என்னவோ, மறுபடியும் துடைத்தார். பிறகு நிமியாவிடம் நீட்டினார்.