மில்லுக்காரரின் தூசி

மாவு மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே குனிந்து, அடியில் படுத்திருக்கும் நாயின் மூக்கை மட்டும் துடைத்துவிடுவார் மில்லுக்காரர். மற்ற இடமெல்லாம் மாவு. "மூச்சு விடட்டும், மிச்சத்தைப் பத்தி அதுக்கே கவலை இல்ல!" என்று கத்துவார். பக்கத்தில் நின்றாலும் கத்தத்தான் செய்வார். மிஷினோடு போட்டி போட்டுப் பேசிப் பேசி, மனுஷருக்கு ரகசியம் பேசுகிற வித்தையே மறந்துபோய்விட்டது.

நாயின் பெயர் தூசி. குட்டியாக வந்த நாளிலிருந்து அதை வெள்ளையாகத்தான் ஊர் பார்த்திருக்கிறது. குளிப்பாட்ட மாட்டீர்களா என்று மில்லுக்காரம்மாவிடம் கேட்டேன். "எதுக்கு? மறுபடியும் மாவுலதானே போய்ப் புரளும்?" என்றார். தட்டில் முதல் கவளம் அதற்குத்தான், கணவருக்கே அப்புறம்தான்.

போன மழைக்காலத்தில் தூசியைக் காணவில்லை. லாரியில் அடிபட்டு ஒரு வெள்ளை நாய் சாலையோரம் கிடந்தது. இரண்டு பேரும் அழுது புரண்டு, மில்லுக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைத்தார்கள். ஊரே வந்து துக்கம் விசாரித்தது. அடுத்த வாரம் கொட்டுகிற மழையில் ஒரு பழுப்பு நாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்து, நேரே மிஷினுக்கு அடியில் போய்ச் சுருண்டு படுத்தது. மழை கழுவிய பிறகுதான் தூசியின் சொந்த நிறமே தெரிந்தது. "அடியே, நாம வேற எவன் வீட்டுப் பிள்ளைக்கோ அழுதிருக்கோம்!" என்று மில்லுக்காரர் போட்ட சத்தம் கடைத்தெரு வரை கேட்டது.

ஊர் அதை நம்பவில்லை. புதைத்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் ஆயிற்றே! செத்தது நிறம் மாறி எழுந்து வந்துவிட்டது என்றார்கள். அற்புதம் என்றால் கும்பிட ஓடுவார்கள் என்று நினைத்தேன். இவர்கள் கதவைச் சாத்தினார்கள். நாய் திரும்பலாம் என்றால் யார் வேண்டுமானாலும் திரும்பலாமே. செத்த மாமியாரின் நகையைப் போட்டிருந்த மருமகள்கள் அவசரமாகக் கழற்றிப் பெட்டியில் வைத்தார்கள். ஊர்த்தலைவர் மில்லுக்கு வந்து, மில்லுக்காரர் காதில் ஏதோ முணுமுணுத்தார்.

"உங்க அண்ணன் எழுந்து வந்து நிலத்தைக் கேட்டுடுவாருன்னு பயமா இருக்கா?" என்று மில்லுக்காரர் கேட்டது தெருமுனையில் நின்ற எனக்கே கேட்டது.

மறுநாளே ஊர் கூடிவிட்டது. நாயைத் துரத்த வேண்டும். இல்லாவிட்டால் மில்லுக்கு யாரும் தானியம் கொண்டுவர மாட்டார்கள். "அது போனா நானும் போறேன்" என்று நாயைக் கட்டிக்கொண்டார் மில்லுக்காரம்மா.

மில்லுக்காரர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கூட்டத்தைக் குழிக்குக் கூட்டிப்போனார். "தோண்டிப் பாருங்க! உள்ள வேற நாய் இல்லன்னா, என்னையும் சேர்த்துத் துரத்துங்க!"

மண்வெட்டி கைமாறிக் கைமாறி ஊர்த்தலைவரிடம் வந்து நின்றது. "எனக்கு இடுப்பு வலி. நீயே தோண்டேன்ப்பா."

"நான் எதுக்கு? எனக்குத்தான் தெரியுமே!"

இந்த இழுபறிக்கு நடுவே தூசி புகுந்து, மண்ணை மோந்து பார்த்துவிட்டு, முன்னங்கால்களால் பரபரவென்று தோண்ட ஆரம்பித்தது. கூட்டம் போன இடம் தெரியவில்லை. இடுப்பு வலிக்காரர்தான் முதல் ஆளாக ஓடினார். நாயைத் துரத்தச் சொல்ல இனி எவருக்குத் துணிச்சல் வரும்?

நான் மட்டும் சிரித்துக்கொண்டே குழியை எட்டிப் பார்க்கப் போனேன். மில்லுக்காரர் என்னை முந்திக்கொண்டு வந்து தூசியை வாரித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு குழிக்குள் என்ன இருக்கிறது என்று தானும் பார்க்காமல் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, காலாலேயே மண்ணை அவசர அவசரமாகக் குழிக்குள் தள்ளினார்.