அம்மா உரித்த தோல்

வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்து வீடுகளில் ஒரு பிடி அரிசி வைத்திருந்தாலும் குற்றம். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். முள்வேலிக்குள் கொட்டகை போட்டு, மொத்தமாகச் சோறாக்கிக் கொடுத்தார்கள். பிச்சைக்காரப் பிழைப்பு. ஒருநாள் நெரிசலில் கஞ்சி அண்டா சரிந்து என் வலக்கையில் கொட்டியது. அடுத்த மாதம் நான் பால்வெட்டப் போக வேண்டியவள்.

சிரம்பான் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதைக் கட்டுப்போடும் டிரஸ்ஸர் தமிழில் சொன்னார். தோலை முளைக்க வைக்கும் அடிப்பாகமே வெந்துவிட்டது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டும். இல்லையென்றால் முழங்கை மடங்கியபடியே இறுகிவிடும். அம்மாவுக்கு அது உடனே புரிந்தது. பால்வெட்டும்போது கத்தி பட்டையைத் தாண்டிக் கட்டையில் பட்டால் அந்த இடத்தில் மரப்பட்டை ஒழுங்காக வளராது. வேலை வாங்கும் மண்டோர் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்.

“என் தோல எடுத்துக்கச் சொல்லுங்கய்யா. அவ சின்னப் புள்ள.”

“ஒட்டாதும்மா. கொஞ்ச நாள்ல அவ ஒடம்பே தள்ளிரும்.”

“பெத்தவ தோலு புள்ளைக்கு ஒட்டாதா? என்னாய்யா பேசறீங்க!”

என் தோலையே ஒட்டினார்கள். பிடிக்கத் தொடங்கியது. கட்டுப் போட்டு, மாற்றுவதற்கு வரச்சொல்லி அனுப்பினார்கள். அதற்குள் காட்டிலிருந்தவர்கள் பெடாஸ் சாலையில் ஒரு லாரியை எரித்துவிட்டார்கள். ஊரடங்கு. முள்வேலிக் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். கட்டு நாற ஆரம்பித்தது.

கழுவலாமென்று அம்மா பிரித்தாள். ஒட்டிய தோலின் ஓரத்தில் பொருக்குக் காய்ந்திருந்தது. பால்வெட்டுக்காரி மரத்தடியில் முதலில் செய்வது, பழைய வெட்டில் காய்ந்து கிடக்கும் கோட்டுப்பாலை நகத்தால் நெம்பி ஒரே இழுப்பில் உரிப்பது. உரித்தால்தான் புதுப்பால் ஓடும். அவள் கைக்கு அது மூச்சு விடுவது போல.

நெம்பி இழுத்தாள். பொருக்கோடு தோலும் வந்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே திரும்ப வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

கேட் திறப்பதற்குள் புண் சீழ் பிடித்தது. கை மடங்கியது மடங்கியதுதான். நான் கத்தி பிடிக்கவேயில்லை. இடக்கையால் புல் பிடுங்கினேன்.

போன வருஷம் ஒரு டாக்டர் பெண் என் கையைப் பார்த்தாள். இப்போதெல்லாம் கொஞ்சம் தோல் இருந்தால் போதுமாம். அதிலுள்ள மூலசெல்களை வளர்த்துத் தோலாகவே விரித்து எடுக்கிறார்களாம். பெற்றவள் தோல் ஒட்டுமா என்று கேட்டேன்.

“அது இப்பவும் ஒட்டி நிக்காது பாட்டி.”

எனக்கு அழுகைதான் வந்தது. தோலை உரித்த அன்றைக்குப் பின் அம்மா அந்தக் கையைத் தொட்டதேயில்லை. சாகக் கிடந்தபோது அவள் வாயில் பால் ஊற்றப் போனேன்; வலக்கையால்தான் ஊற்ற வேண்டும், கை நீளவில்லை. அவள்மேல் கவிழ்ந்துதான் ஊற்றினேன். அப்போதும் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.