ஞாயிற்றுக்கிழமை வராத படகுகள்

1. காலை ஐந்து மணிக்கு ராமநாதபுரம் விடுதியிலிருந்து கிளம்பினோம். காரை நான் ஓட்டினேன்.
2. ஆறு மணிக்குத் தங்கச்சிமடத்தின் வடக்குக் கரையில் டாக்டர் ட்ரைபாடை மணலில் ஊன்றி கேமராவை மாட்டினார்.
3. ஆறு நாற்பதுக்குச் சூரியன் உதித்தது. நான் சொன்ன இடம், நான் சொன்ன நிமிடம்.
4. படகு வரவில்லை.
5. ஏழு மணிக்கும் வரவில்லை.
6. ஏழு தாண்டியதும் ஒரு அக்கா வந்து ஏன் வராது என்று சொன்னார்.

டாக்டர் பினாங்கில் பல் மருத்துவர். அறுபதை நெருங்கியவர், தமிழர். கொழும்பு வழியாக வந்த சுற்றுலாக் கப்பல் முந்தின நாள், சனிக்கிழமை, அவரைத் தூத்துக்குடியில் இறக்கிவிட்டிருந்தது. ஞாயிறு இரவு மதுரையில் விமானம். நடுவில் கிடைத்த ஒரு நாளைப் படம் எடுப்பதற்கென்றே ஒதுக்கியிருந்தார். கோயில், தீர்த்தம், கடைத்தெரு எதுவும் வேண்டாம், வெளிச்சம் நல்லா இருக்கிற இடத்தில் நல்லா இருக்கிற நேரத்தில் என்னை நிறுத்துங்கள் என்று எழுதியிருந்தார். அப்படி நிறுத்துவதைத்தான் நான் புதிதாகத் தொழிலாக ஆரம்பித்திருந்தேன். அவர்தான் முதல் ஆள்.

அவரையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அவருடைய புகைப்படக் குழு, மார்ச்சில் அதே கப்பலில் வருகிறது. டாக்டர் சரி என்றால் அவர்கள் என்னிடம் வருவார்கள். இன்னொரு பக்கம், சென்னையில் நான் விட்டுவந்த மென்பொருள் நிறுவனம் திரும்பக் கூப்பிட்டிருந்தது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். குழு வந்தால் ஊரில் இருப்பேன், வராவிட்டால் சென்னைக்குப் போவேன் என்று வீட்டில் அய்யாவிடம் சொல்லியிருந்தேன். "சொன்ன சொல்லு மாறக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் வயலுக்குப் போய்விட்டார்.

நிறுவனத்தில் என் வேலை மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிப்பது. அதே பழக்கத்தில்தான் இந்த நாளையும் திட்டமிட்டேன். தங்கச்சிமடம் கரையில் வடக்கே பார்த்து நின்றால் ஜனவரியில் சூரியன் வலத் தோளுக்குப் பின்னால் வரும். கடலிலிருந்து திரும்புகிற நாட்டுப் படகுகளின் நீலமும் மஞ்சளும் நேராக ஒளி வாங்கும். அந்த இருபது நிமிடத்துக்காக மூன்று தடவை விடியற்காலையில் போய் நின்று பார்த்திருந்தேன். மூன்று தடவையும் வார நாள். சனி, ஞாயிறில் பாம்பன் பாலத்தில் வண்டி நெருக்கடி என்பதால் அந்த நாட்களை வேண்டுமென்றே தவிர்த்திருந்தேன்.

இனி மேலே சொன்ன ஆறாவது. தேவாலயத்திலிருந்து மூன்று பெண்கள் கரையோரமாக வந்தார்கள். பட்டுச் சேலை, தலை நிறைய பூ. முன்னால் வந்த அக்கா எங்களைப் பார்த்து நின்றார்.

"யாருக்குத் தாயி இங்கன காத்துக்கிட்டு நிக்கிறீக?"

"படகு வரும்ல அக்கா, அதுக்குத்தான்."

"இன்னைக்கா?" அவர் மற்ற இருவரையும் திரும்பிப் பார்த்தார். மூவரும் சிரித்தார்கள். "ஞாயித்துக்கிழமையும் அதுவுமா எவன் தொழிலுக்குப் போவான்? நேத்துக் கரையேறுன படகு இன்னைக்குச் சாயந்தரம்தான் போகும். நாளைக்கு வெடிய வருவாக. எந்த ஊரு நீ?"

"உத்தரகோசமங்கை பக்கம்."

"அதான பாத்தேன். மொளகா வெளையிற ஊருப் புள்ளைக்குக் கடலோட லீவு எங்கிட்டுத் தெரியும்?"

என் முகம் சூடானது. ஆனால் அடுத்து செய்ய வேண்டியதில் குழப்பம் இல்லை. டாக்டரிடம் போய்ச் சொன்னேன். "டாக்டர், இன்னைக்குப் படகு வராது. ஞாயிற்றுக்கிழமை இவங்க கடலுக்குப் போறதில்ல. நான் விசாரிக்கல. என் தப்பு."

அவர் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்க இந்த ஊருன்னு சொன்னீங்க."

"இந்த மாவட்டம். கடற்கரை இல்ல."

 அவர் லென்சை மாற்றி, நங்கூரம் போட்டுக் கிடந்த படகுகளையும் அவற்றுக்கு நடுவே அசையாமல் இருந்த தண்ணீரையும் எடுக்க ஆரம்பித்தார். எடுத்த விதத்திலேயே ஏமாற்றம் தெரிந்தது. ஒரு படத்துக்கும் இரண்டாவது தடவை அழுத்தவில்லை.

அந்த அக்கா போகவில்லை. "படகு இல்லாட்டி என்ன, எங்கள எடுங்க. இன்னைக்குத்தான் குளிச்சுப் பட்டுக் கட்டியிருக்கோம். நாளைக்கு வந்தீகன்னா செதிலும் கவுச்சியுமாத்தான் நிப்போம்."

"நான் ஆள நிக்க வச்சு எடுக்கறது இல்லைங்க" என்றார் டாக்டர், மரியாதையாக.

"அப்ப உக்காந்துக்கிறோம்."

மூவரும் கரையில் இழுத்துப் போட்டிருந்த ஒரு படகின் விளிம்பில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். யார் நடுவில் என்பதில் சண்டை. "நீ கறுப்பு, ஓரத்துல உக்காரு." "நீ மட்டும் என்ன, உரிச்ச எறா மாதிரியா இருக்க?" டாக்டர் சிரித்தார், எடுக்கவில்லை. நான் என் கேமராவில் எடுத்தேன். பிரிண்ட் போட்டுத் தர வேண்டும் என்று அக்கா என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். "எடுத்துட்டுப் போனவுக நெறையப் பேரு. கொண்டாந்து குடுத்தவுக ஒருத்தருமில்ல."

மீதி நாள் திட்டப்படியே போனது. பாம்பனில் ரயில் புதுப் பாலத்தைக் கடக்கும்போது நாங்கள் சரியான பக்கத்தில் இருந்தோம். தனுஷ்கோடியில் காற்று மணலை வாரி வீசியது. அதற்கு நான் தயாராக இருந்தேன். லென்சுக்கு முன்னால் மாட்டுகிற கண்ணாடியும், உப்பைக் கழுவ ஒரு பாட்டில் நல்ல தண்ணீரும் பையில் இருந்தன. உப்புப் படிந்த கண்ணாடியைக் காய்ந்த துணியால் துடைத்தால் கீறல் விழும். டாக்டருக்கு அது தெரிந்திருந்தது. எனக்கும் தெரிந்திருப்பதைக் கவனித்தார். இரண்டு கடலும் சேருகிற முனையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றார். அங்கே இரண்டாவது, மூன்றாவது தடவையும் அழுத்தினார்.

மதுரைக்குப் போகிற வழியில் பரமக்குடியில் டீக்கு நிறுத்தினேன். டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டார்.

"குழுவில என்னைக் கேப்பாங்க. என்னன்னு சொல்லட்டும்?"

"கிழமை பாக்காம கூட்டிட்டுப் போயிட்டாள், மத்ததெல்லாம் சரியா செஞ்சாள்னு சொல்லுங்க. அதுதான் நடந்தது."

"மார்ச் கப்பலும் சனிக்கிழமைதான் வருது. அப்பவும் ஞாயித்துக்கிழமைதான் கிடைக்கும். படகு கிடையாது."

இதைப் பாலத்தைத் தாண்டும்போதே யோசித்து வைத்திருந்தேன். "திங்கட்கிழமை காலையில வரலாம். ஒரு ராத்திரி கூடத் தங்கணும்."

"எல்லாரும் ஒத்துக்க மாட்டாங்க."

"ஒத்துக்கறவங்க வரட்டும் டாக்டர். வராத படக வரும்னு சொல்லி நான் கூப்பிட மாட்டேன்."

அவர் டீயைக் குடித்து முடித்தார். விமான நிலையத்தில் கை கொடுத்தார், அவ்வளவுதான்.

திரும்பி வந்து மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு, திங்கட்கிழமை விடிய மறுபடி தங்கச்சிமடம் போனேன். ஒருத்தர் சொன்னதை வைத்து மட்டும் இன்னொரு தடவை திட்டம் போடக் கூடாது, கண்ணால் பார்க்க வேண்டும். ஆறு நாற்பதிலிருந்து ஏழு மணிக்குள் பதினேழு படகுகள் வந்தன. அந்த அக்காவும் கரையில் இருந்தார். சொன்னபடியே கையெல்லாம் செதில்.

"எங்க படம்?"

"இன்னும் பிரிண்ட் போடல அக்கா."

"அப்ப எதுக்கு வந்த?"

"நீங்க சொன்னது நிசமான்னு பாக்க."

"ஏத்தா! பூசைக்குப் போயிட்டு வந்து பொய்யா சொல்லுவேன்?" என்று கூடையை என் காலடியில் வைத்தார். தூக்கிவிடச் சொன்னார். தூக்கிவிட்டேன்.

பதினேழு படகுகளின் படங்களையும், இரண்டு திட்டங்களையும் டாக்டருக்கு அனுப்பினேன். ஒன்று ஞாயிறோடு முடிவது, படகு இல்லை என்று முதல் வரியிலேயே எழுதியது. இன்னொன்று திங்கள் மதியம் வரை. பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. பன்னிரண்டு பேரில் ஏழு பேர் திங்கட்கிழமை வரை இருப்பார்கள். ஐந்து பேர் தூத்துக்குடியிலிருந்தே நேராக விமானத்துக்குப் போகிறார்கள். டாக்டர் அந்த ஏழு பேரில் ஒருவர்.

அய்யாவிடம் சொன்னேன்.

"பன்னெண்டுன்ன. இப்ப ஏழுங்குற."

"ஆமா அய்யா, ஏழு."

"போதுமா?"

"இந்தத் தடவைக்குப் போதும்."

நிறுவனத்துக்கு வரவில்லை என்று எழுதி அனுப்பிவிட்டேன். மார்ச்சில் ஏழு பேர் வருகிறார்கள். அதற்குப் பிறகு யாரும் இன்னும் பதிவு செய்யவில்லை.